டாக்டர் கொடுத்த மூன்று கூவல்

உலகம்மாள் மதினி பத்தொன்பது வருஷமாகக் கருப்பட்டி விற்கிறாள். ஆனால் 'கருப்பட்டி' என்று அவள் கூவி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ட்டியோஓஓஓஓய்!"

அவ்வளவுதான். முன்பாதி எங்கே என்று கேட்டால், "எக்ஸெல் தின்னுட்டு" என்பாள். அந்த எக்ஸெல் மொபெட் வாங்கிய புதிதில் முழுசாகத்தான் கூவினாளாம். தெரு வளைவில் இன்ஜின் உறுமுகிற உறுமலில் 'கருப்' யார் காதிலும் விழவில்லை. விழாததை எதற்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று அதை விட்டுவிட்டாள். மிஞ்சிய 'ட்டி'யைப் பிடித்து இழுத்தாள். அந்த இழுவை தெருமுனையில் கிளம்பி எட்டாவது வீட்டு அடுக்களை வரைக்கும் போய், அடுப்பை அணைத்துவிட்டு ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும்.

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். முத்துமாலை அண்ணன் எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து வீடு என்பதால் அண்ணன், அண்ணன் பெண்டாட்டி என்பதால் மதினி. மதினியைக் கேலி செய்ய எனக்குப் பாத்தியதை உண்டு. என்னைத் திட்ட அவளுக்கும் உண்டு. இரண்டு பேருமே கடமையில் குறை வைத்ததில்லை. ஒருதடவை அவள் வண்டி சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பல்லி ஒன்றை வைத்தேன். மதினி சத்தம் காட்டவில்லை. மறுநாள் அந்தப் பல்லி எங்கள் வீட்டு இட்லிச் சட்டிக்குள் இருந்தது. அன்றைக்கு எங்கம்மா போட்ட கூச்சலில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

அவள் பிறந்தது உடன்குடிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வரும்போது ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்தாள். மாமியார் அதைத் தெரு பூராவும் பங்கு வைத்தாள். ஒரே வாரத்தில் பங்கு வாங்கினவர்கள் எல்லாம், "இன்னும் இருக்கா? துட்டுக்குன்னாலும் சரிதான்" என்று வாசலில் வந்து நின்றார்கள். இப்படித்தான் ஏவாரம் ஆரம்பித்தது. முதலில் தலைச்சுமை, பிறகு சைக்கிள், அப்புறம் எக்ஸெல். திங்கள் வீரவநல்லூர், செவ்வாய் முக்கூடல், புதன் பத்தமடை. எந்த வீட்டில் சுக்குக் காப்பிக்கு வாங்குகிறார்கள், எந்த வீட்டில் பொம்பளைப் பிள்ளை பெரிய மனுஷி ஆகி உளுந்தங்களி கிண்டப்போகிறார்கள் என்பதெல்லாம் அவள் மனப்பாடம். முத்துமாலை அண்ணன் கங்கைகொண்டான் கம்பெனி ஒன்றில் நிரந்தர நைட் ஷிப்ட். அவர் பகலெல்லாம் தூங்குவார், அவள் பகலெல்லாம் கூவுவாள். அதனால்தான் சண்டையே வருவதில்லை என்பது என் கணிப்பு.

இந்த ஆவணியில் அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. பிறகு இரண்டாகக் கிழிந்தது. பாளையங்கோட்டையில் தொண்டை டாக்டரம்மாவிடம் போனோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டபடியால் துணைக்குப் போக எனக்கு நேரம் இருந்தது.

டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். "குரல் நாண் வீங்கியிருக்கு. பேசலாம், அதுவும் பைய. ரெண்டு மாசத்துக்குக் கத்தவே கூடாது. மீறினா குரல் திரும்பாமலேகூடப் போகலாம்."

"ஒரு நாளைக்குப் பத்து கூவுனா?" என்றாள் மதினி.

"ஒண்ணுகூடக் கூடாதும்மா."

"அஞ்சு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இது என்ன, சந்தையா?"

"ஒரு நாளைக்கு அஞ்சு இல்லம்மா. ரெண்டு மாசத்துக்கும் சேத்து அஞ்சு."

"எதுக்கு?"

மதினிக்கே அது தெரியாது. எதையும் கேட்ட விலைக்கு விட்டுவிட்டு வருகிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். டாக்டரம்மா தோற்றுப்போனார். "மூணு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல நாலு நாள் விடணும். சீட்டுல எழுதித் தர மாட்டேன்."

படி இறங்கும்போது மதினி என் காதில் கிசுகிசுத்தாள். "பாத்தியாட்டி? மூணு வாங்கிட்டேன்."

கூவாமல் எப்படி விற்பது? வீடு வீடாக இறங்கிக் கதவைத் தட்டினால் ஒரு நாளில் ஒரு தெருதான் முடியும். அதற்குள் மழை மூட்டம் போட்டுக் கருப்பட்டி கசிய ஆரம்பித்துவிடும். நான் யோசனை சொன்னேன். வண்டி முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர். எழுதினதைப் பேசிக் காட்டுகிற ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. நானே நல்ல தமிழில் எழுதினேன்: 'அன்பார்ந்த பொதுமக்களே, தூய உடன்குடிக் கருப்பட்டி உங்கள் இல்லம் தேடி வந்துள்ளது.'

புதன்கிழமை பத்தமடையில் அதை ஒலிக்கவிட்டோம். எங்கள் கண் முன்னாலேயே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தெரு பாதியில் ரைஹானத் அக்கா வீடு. பாய் நெய்கிறவள். எத்தனை வேலை இருந்தாலும் மதினியின் 'ட்டியோய்' கேட்டால் முதல் ஆளாக டப்பாவோடு வந்து நிற்பாள். அன்றைக்கு அவள் மகன் மட்டும் தலையைக் காட்டாமல் ஜன்னல் இடுக்கில் வாயை வைத்தான்.

"உம்மா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

"ஏலே, நாந்தாம்லே!" என்று மதினி காற்றுக் குரலில் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் அதற்குள் மறுபடியும் 'அன்பார்ந்த பொதுமக்களே' என்றது. ஜன்னலும் சாத்திக்கொண்டது. வீட்டு வரி பாக்கிக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெருவே நினைத்துவிட்டதாம்.

போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. அடுத்த நாள் எங்கிருந்தோ ஒரு லோடு ஆட்டோ சீனிப்பாகு கலந்த கருப்பட்டியோடு அதே தெருவில் நுழைந்ததாகவும் தகவல் வந்தது. மதினி ராத்திரிச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் அவள் சோறு வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"மதினி, அந்த மூணு கூவல் இருக்குல்லா? ஒண்ணைப் பிடிச்சு ரெக்கார்டு பண்ணிட்டா, ரெண்டு மாசம் என்ன, ரெண்டு வருஷத்துக்கு ஓட்டலாம்."

மதினி தொண்டையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பல்லி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "விளையாட்டுக் கிடையாதுட்டி" என்றாள். "அது மூணுதான் இருக்கு."

அப்புறம் கூவலைப் பிடிக்க எந்த மைக் நல்லது என்று நான் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எல்லா வீடியோவிலும் ஒரு தாடிக்காரன் 'பட்ஜெட் மைக்' என்று தொடங்கி, மதினியின் எக்ஸெல்லை விற்றால் வரும் தொகையில் முடித்தான். அதனால் இரண்டு பேரும் நெல்லை ஜங்ஷனில் ஒரு போன் கடைக்குப் போனோம். கடையில் இருந்த தம்பி நெல்லிக்காய் அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"காலர் மைக். இப்போ எல்லாரும் இதுதான் வாங்குதாங்க."

"சேலைக்குக் காலர் எங்கன இருக்கு?" என்றாள் மதினி.

"முந்தானையில குத்திக்கலாம்க்கா. பச்சை லைட் எரிஞ்சுதுன்னா பக்கத்துல லாரி போனாக்கூடக் கேக்காது. இரைச்சலைத் தள்ளிட்டுக் குரலை மட்டும் எடுக்கும்."

நான் கடை வாசலுக்குப் போய், பஸ்கள் உறுமுகிற சாலையைப் பார்த்து நின்றுகொண்டு, "இந்தக் கடைத் தம்பி தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை" என்று பேசிப் பதிவு செய்தேன். திரும்பப் போட்டால் பஸ் ஒன்றுகூட இல்லை. என் குரல் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வந்தது. தம்பி தலையைத் தடவிக்கொண்டான். வாங்கிவிட்டோம்.

மறுநாள் காலை, வீட்டு முன்னால், எக்ஸெல்லில் உட்கார்ந்தபடி மதினி முதல் கூவலை எடுத்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. கிழிசல் இருந்தாலும் அவள் கூவல் அவள் கூவல்தான். போனில் போட்டோம்.

"ட்டி." பிறகு ஒன்றும் இல்லை. கிணற்றுக்குள் கல் போட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல் ஒரு மௌனம். கடைசியில், "ய்."

மதினி போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். "ஏட்டி, நடுவுல நான் எங்க போனேன்?"

கடைக்குத் திரும்பிப் போனோம். தம்பி விளக்கினான். "ஒரே மாதிரி நீளமா வர்ற சத்தத்தை அது இரைச்சல்னு நினைச்சுத் தள்ளிரும்க்கா. ஃபேன், மோட்டார் மாதிரி."

"பத்தொன்பது வருசமாக் கூவுதேன். ஒரு வீட்டுலயும் என்னை மோட்டாருன்னு சொன்னது கிடையாது."

தப்பு என்னுடையது. கட்டில் வாங்கப் போனவள் அதில் படுத்துப் பார்க்காமல் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி, கூவ வேண்டிய மைக்கில் பேசிப் பார்த்திருக்கிறேன். பச்சை விளக்கை அணைத்துவிட்டு நானே கூவிப் பார்த்தேன். சேலை உரசுகிற சரசரப்பும், சத்தம் தாங்காமல் மைக் கிழிந்துபோகிற கரகரப்பும்தான் வந்தன. மூன்றில் ஒன்று என் புத்தியால் போயிற்று. மதினி அதைச் சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தம்பி அதை மாற்றிக்கொண்டு, கூட கொஞ்சம் துட்டும் வாங்கிக்கொண்டு, ஸ்டாண்டும் பஞ்சுத் தொப்பியும் உள்ள கண்டென்சர் மைக் கொடுத்தான். "ஸ்டுடியோவுல வைக்கிறது. ஊசி விழுந்தாக்கூட எடுக்கும்." இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. கடை நடுவில் நின்று, கண்ணை மூடி, "ட்டியோஓஓஓய்!" என்று முழுசாகக் கூவினேன். சார்ஜர் வாங்க வந்த பெரியவர் ஒருவர், "கிலோ என்னம்மா வெலை?" என்றார். போட்டுக் கேட்டால் இழுவை முழுசாக இருந்தது. பெரியவரும் இருந்தார்.

நாலு நாள் கழித்து, பின்பக்கம் வயலை ஒட்டின வாசலில் வண்டியை நிறுத்தினோம். முதலில் மைக்கைத் திறந்து வைத்துக் கேட்டேன். ஊசி விழுவது அப்புறம் இருக்கட்டும், வீட்டுக்குள்ளிருந்து முத்துமாலை அண்ணன் குறட்டை புலி மாதிரி வந்தது. அவரை எழுப்பி ஆற்றுக்குக் குளிக்க அனுப்பினேன். எங்கம்மாவிடம் குக்கரை இறக்கச் சொன்னேன். ஆட்டை அவிழ்த்து அடுத்த தெருவில் கட்டினேன். மயான அமைதி. கையைக் காட்டினேன்.

மதினி கூவினாள். அது முடியும் முன்பே, வயலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மயில் பதில் கொடுத்தது. அதற்கு இன்னொரு மயில். மேகம் கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மேகம் கட்டினால் மயிலுக்கு யார் கூவினாலும் சொந்தக்காரர்தான்.

வெட்டி எடுக்கவும் வழியில்லை. இழுவையின் மேலேயே மயில் உட்கார்ந்திருந்தது. குழாயில் போட்டுப் பார்த்தபோது ஈரத் துண்டோடு வந்த முத்துமாலை அண்ணன் சொன்னார்: "இதைப் போட்டுக்கிட்டுப் போனா கருப்பட்டிக்கு ஆள் வராதுளா. பாரஸ்ட்காரந்தான் வருவான்."

நான் சிரித்தேன். மதினியும் சிரிக்க வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. வெறும் காற்று. கையைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் செருப்பு இரண்டையும் இடம் வலம் மாற்றி வைத்தேன். மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கழற்றி வைத்தாள். திட்டு வராத இடத்தில் குறும்பு செய்வது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. அப்புறம் நான் எதையும் மாற்றி வைக்கவில்லை.

மிச்சம் ஒன்று.

எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர் வன்னியராஜ் அண்ணாச்சி. அவரை ரேடியோ செட்காரர் என்பார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று கதை முழுவதையும் சொன்னேன். மயில் இடத்தில் அவர் ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டுமே நல்ல மைக்குதாம்ட்டி. ஆனா ஒண்ணு தனக்குப் பிடிச்சதை மட்டும் கேக்கும். இன்னொண்ணு ஊர்க்கதை பூராவும் கேக்கும். ஒன் மதினிக்கு வேண்டியது செவிட்டு மைக்கு."

"செவிட்டு மைக்கா?"

அவர் எடுத்துக் கொடுத்தது, கொடையில் வரி கொடுத்தவர்கள் பேரைப் படிப்பார்களே, அந்தக் கை மைக். தலையில் நசுங்கின இரும்பு வலை. "வாயோட ஒட்டி வச்சாத்தான் இதுக்குக் கேக்கும். ஒரு முழம் தள்ளுனா, நீ யாரும்பான். நேரா பிடிக்காத, மூச்சு அடிக்கும். கன்னத்துப் பக்கமாப் பிடி. வெளியில வேண்டாம், வீட்டுக்குள்ள வச்சு எடு." வாடகைக்குக் கேட்டேன். "பழசு, பாதி விலைக்கு வச்சுக்கோ. போன்ல சொருகுற ஒயரை நான் தாரேன்" என்றார். கடைத் தம்பியிடம் ஸ்டுடியோ மைக்கைத் திருப்பிக் கொடுத்ததில் மிச்சமே வந்தது.

வீட்டுக்குள் என்றால் சத்தம் சுவரில் பட்டு எதிரொலிக்கிறது. சுவரெல்லாம் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டேன். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்ததே தவிர எதிரொலி அப்படியே இருந்தது. பாயைச் சுருட்டிவிட்டு, ஜமுக்காளம், கம்பளி, இரண்டு வீட்டுத் தலையணைகள், கடைசியில் முத்துமாலை அண்ணன் படுத்திருந்த மெத்தையையும் உருவிக் கட்டினேன்.

"நான் எங்கன படுக்க?" என்றார் அவர்.

"எங்க வீட்டு மாடித் தட்டட்டியில படுங்க. காத்து வரும்."

"வெயிலும் வரும்ளா!"

மதினிக்குப் பதில் நான் பதினோரு தடவை கூவிச் சரிபார்த்தேன். நானும் ஏவாரத்தில் இறங்கிவிட்டேன் என்று எங்கம்மா பயந்துபோனாள். மதினியின் சத்தம் என்னுடையதைவிட இரண்டு பங்கு. அதனால் சத்த அளவைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்தேன். காதைத் தீட்டிக் கேட்டேன். குக்கர் இல்லை, ஆடு இல்லை, மயில் இல்லை.

நாலு நாளுக்குப் பதில் ஏழு நாள் விட்டோம். அதற்குள் காற்றாக இருந்தது மறுபடி கிசுகிசுப்பாகியிருந்தது. மதினி ஜமுக்காளக் கூடாரத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"வரல."

"வலிக்கா மதினி?"

"வலி இல்லட்டி. நாற்காலியில உக்காந்து எப்படிக் கூவ? பத்தொன்பது வருசத்துல நான் உக்காந்த இடத்துல கூவுனதே இல்ல."

தட்டட்டியிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக எக்ஸெல்லைப் படி ஏற்றித் தூக்கி, மெத்தைக்கும் கம்பளிக்கும் நடுவில் நிறுத்தினோம். வீடெல்லாம் பெட்ரோல் வாசனை. மதினி ஏறி உட்கார்ந்தாள். வலது கை தானாக ஆக்சிலேட்டரில் போய் உட்கார்ந்தது. முகமே மாறிவிட்டது. ஆனாலும் கூவவில்லை.

"இது எந்தத் தெரு?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"சும்மா யாரைப் பாத்துக் கூவ? யார் வீட்டு வாசல்?"

"பத்தமடை மதினி. வளைவுல திரும்பியாச்சு. ரைஹானத் அக்கா உள்ள பாய் நெய்ஞ்சுக்கிட்டு இருக்கா. தெரு முழுக்கக் கதவு சாத்தியிருக்கு."

மதினி கழுத்தை இடதுபுறம் திருப்பினாள். ரைஹானத் அக்கா வீடு அந்தத் தெருவில் இடதுபுறம்தான். கயிற்றில் தொங்கவிட்டிருந்த மைக் வலதுபுறம். பிடுங்கிக்கொண்டு வண்டி மேல் பாதி ஏறி, அவள் இடது கன்னத்தோடு மைக்கைச் சேர்த்தேன். அவ்வளவுதான் எனக்கு நேரம் இருந்தது.

"ட்டியோஓஓஓஓஓய்!"

காதுக்குள் ஒரு பஸ் போன மாதிரி இருந்தது. அப்புறம் ஜமுக்காளங்கள் அதை விழுங்கிக்கொண்டன. மதினி தொண்டையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கேட்கப் பயந்துபோன பார்வை.

ஒரு வாரமாக ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். 'அய்யோ மதினி, பட்டனை அமுக்க மறந்துட்டேன்!' இதைவிட நல்ல இடம் எனக்கு ஜென்மத்தில் கிடைக்கப்போவதில்லை. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் நான் போனில் பிளே பட்டனை அமுக்கினேன்.

முழுசாக இருந்தது. நடுவில் அவள் எங்கேயும் போகவில்லை. முத்துமாலை அண்ணன், "அவதான். அப்படியே அவதான்" என்று சொல்லிவிட்டு, மெத்தையை அவிழ்க்கிறேன் என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை பத்தமடை. ஸ்பீக்கர் ஒயரை நானே முறுக்கிக் கட்டி, பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எதிர்த்தாற்போல் அந்த லோடு ஆட்டோ, 'வாங்கம்மா வாங்க' என்று தானாகப் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அதற்கு ஒரு கதவும் திறக்கவில்லை, ஆனால் எங்களுக்குத் திறக்கும் என்று என்ன நிச்சயம்? வளைவு வந்தது. மதினி கழுத்தை இடதுபுறம் திருப்பினாள். நான் பட்டனை அமுக்கினேன்.

"ட்டியோஓஓஓஓஓய்!"

முதல் வீடு அசையவில்லை. இரண்டாவதும். மதினியின் முதுகு விறைப்பது எனக்குத் தெரிந்தது. அப்புறம் உள்ளே ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம். ரைஹானத் அக்கா வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. கையில் டப்பா, விரலெல்லாம் கோரைச் சாயம்.

"ஏ ஒலகு! மூணு வாரமா எங்க போயித் தொலைஞ்ச? காப்பிக்குச் சீனியைப் போட்டுப் போட்டு நாக்கே செத்துப்போச்சு. ரெண்டு கிலோ போடு. ஏன், பேச மாட்டியோ? கோவமா?"

மதினி கிசுகிசுத்தாள். "தொண்டை சரியில்லக்கா."

ரைஹானத் அக்கா இடுப்பில் கை வைத்தாள். "யாருட்ட கதை விடுத? இப்பத்தான அம்புட்டு அழகாக் கூவுன! அதுக்குள்ள தொண்டை கட்டிக்கிச்சா?"

மதினி தராசை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டிலும் கதவு திறந்தது. நான் ஸ்பீக்கரை அக்கா கண்ணில் படாமல் என் தாவணி நுனியால் மூடினேன். அதற்குள் குனிந்தவாக்கிலேயே மதினி என் காலில் நறுக்கென்று கிள்ளினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் கிள்ளு. நன்றாக வலித்தது.